யாரோ ஒருவனுக்காக என் மனைவி ஜெபித்த ஆறு நாள்

போன ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. குளித்துவிட்டு வந்து டியூப் லைட்டுக்குக் கீழே உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தேன். செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. பாதத்திலும் அதே. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. அரித்திருந்தால் தேவலை. சொறிந்துகொண்டாவது கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இது எதனால் என்று எனக்குத் தெரியும். உடனே லைட்டை அணைத்தேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதியமான்கோட்டைப் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், நம்முடைய சபை ஆராதனை, எதுவானாலும் பெட்டியைக் கட்டி, ‘ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். பெயர் போடவில்லை. இந்தப் பக்கம் மைக் செட் வைத்திருக்கிற மற்ற சகோதரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு ஊர் உங்களையும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும்.

சித்திரை மாதம் பெங்களூரில் மூன்று நாள் வேலை. லாட்ஜில் தங்கினேன். அங்கே விழுந்தேன். அதற்கு மேல் விவரிக்க மாட்டேன். சாட்சி என்ற பெயரில் பாவத்தை ருசித்துச் சொல்வது இன்னொரு பாவம். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பெண் என்னைக் கெடுக்கவில்லை. கதவைத் தட்டியது நான்.

வைகாசியில் ஒரு புண் வந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். வலியே இல்லை. சில வாரத்தில் தானாக ஆறிவிட்டது. நானும் முட்டாள்தனமாக, ‘ஆண்டவரே, தொட்டுச் சுகமாக்கினீரே’ என்று கண்ணீரோடு ஸ்தோத்திரம் பண்ணினேன். பிறகுதான் இந்தப் புள்ளிகள்.

என் வீட்டுக்காரியை இங்கே ராணி என்று வைத்துக்கொள்வோம். அவள் என் கையைப் பார்த்துவிட்டாள்.

“என்னாங்க இது? மருதாணி வச்சிக் கழுவின மாதிரி இருக்குது?”

“ஒயரு அலர்ஜி.”

“இருபது வருசமா வராத அலர்ஜி இப்ப எங்கிருந்து வந்துச்சாம்?”

“ஒயருக்கும் வயசாவுது இல்ல?”

சிரித்துக்கொண்டே தேங்காயெண்ணெயை எடுத்து வந்து என் இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துவிட்டாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து மெதுவாக நீவினாள். எனக்கு நெருப்பைப் பிடித்த மாதிரி இருந்தது. சித்திரைக்குப் பிறகும் நான் இவளுக்குப் புருஷனாக நடந்துகொண்டவன்தான். இவளுக்கு என்ன கொடுத்து வைத்திருக்கிறேனோ தெரியவில்லையே!

ஆடியில் கல்யாணம் கிடையாது. வேலை இல்லை. பயப்படுவதற்கு முழு நாளும் கையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடினேன். பத்து நிமிஷத்தில் எனக்கு ஒன்பது வியாதி வந்துவிட்டது. அதில் ஒன்று பெண்களுக்கு மட்டும் வருவது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘ரகசிய நோய்கள்’ என்று போஸ்டர் ஒட்டுவார்களே, அந்த வைத்தியர் நம்பரைக்கூடப் பொறுக்கி வந்தேன். அந்த வாரத்தில் எனக்குள்ளே நானே மூன்று முறை செத்து, அடக்கத்துக்கு மைக் செட் யார் கட்டுவார்கள் என்ற யோசனைவரை போய்விட்டேன்.

இங்கே எங்கள் சபையில் இருக்கிற ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பின்னால் ஒரு ஜெபப் பெட்டி இருக்கிறது. விண்ணப்பத்தைப் பெயர் இல்லாமலே எழுதிப் போடலாம். நாற்பது குடும்பம் இருக்கிற சபை. யார் கையெழுத்து என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் பாஸ்டர் அம்மா ஒவ்வொன்றையும் தன் கையாலேயே புதுச் சீட்டில் எழுதிக்கொண்டு, பழையதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தச் சீட்டுகளை மடித்துத் தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். சகோதரிகள் ஆளுக்கு ஒன்று எடுத்து, அடுத்த வெள்ளிவரை அந்த ஒருவருக்காக மட்டும் ஜெபிக்க வேண்டும். யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

நான் எழுதிப் போட்டேன்: ‘ஒரு சகோதரன் பாவத்தில் விழுந்து, கெட்ட வியாதி வந்திருக்குமோ என்று பயந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எடுக்கப் போகிறான். ரிப்போர்ட் நல்லபடியாக வரவும், இது வெளியே தெரியாமல் இருக்கவும் ஜெபிக்கவும்.’

சனிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ராணிக்கு வாய்க்குள் ஜெபிக்கத் தெரியாது. சமையலறையில் அரிசி களைந்துகொண்டே சத்தமாகத்தான் ஜெபிப்பாள்.

“இயேசப்பா, பாவத்துல விழுந்துட்டேன்னு ஒரு தம்பி எழுதியிருக்குது. செவ்வாக்கெழம டெஸ்டு எடுக்கப் போவுதாம்...”

பேஸ்டு மொத்தமும் என் வயிற்றுக்குள் போய்விட்டது.

நாற்பது வீடு. அத்தனை சீட்டு. என் சீட்டு என் வீட்டுக்கே வந்திருக்கிறது! கர்த்தருக்குக் குறும்பு இல்லை என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் மனதில் அந்தச் சகோதரனுக்கு இருபத்திரண்டு வயது ஆகியிருந்தது. “அறியாத வயசுப் பையன், ஆத்தாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சிடுவா” என்று அழுதாள். சொல்ல வெட்கம்தான், ஆனால் எனக்கு ஒரு விநாடி பெருமையாக இருந்தது. திங்கட்கிழமை திட்டு விழுந்தது. “அந்த மூதேவிக்கு நல்ல புத்தியக் குடுங்க சாமி.” ஹாலில் உட்கார்ந்திருந்த மூதேவி மெதுவாக ‘ஆமென்’ என்றது.

செவ்வாய்க்கிழமை எனக்கு நாலு இட்லி வைத்தாள். அவள் தண்ணீர் மட்டும் குடித்தாள்.

“நீ சாப்பிடல?”

“இன்னிக்கி ஒருத்தருக்காக உபவாசம். யாருன்னு கேக்காதீங்க, சொல்லக் கூடாது.”

அந்த நாலு இட்லியும் எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வண்டியை நிறுத்திய பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்படியே வரிசையில் நின்றேன். எத்தனையோ மேடையில் என் குரலைக் கேட்ட ஊர் இது. கவுண்டரில் ‘ஓ.பி. சீட்டு’ என்று மட்டும்தான் சொன்னேன். பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர், பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவர், உடனே தோளைத் தட்டினார்.

“எம் பொண்ணு கல்யாணத்துக்கு மைக் செட் கட்டினவருதானே நீங்க? எதுக்குங்க ஹெல்மெட்டோட நிக்கிறீங்க?”

“பிரச்சினை தலைக்கு மேல போயிடுச்சுங்க.”

“எந்த டாக்டரப் பாக்கோணும்?”

“சுகர் டெஸ்டுங்க.”

“அட, சுகரு அந்தப் பக்கமுங்க, வாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நல்ல மனுஷன், சுகர் டெஸ்ட் வரிசையிலேயே என்னை நிறுத்திவிட்டார். அவர் நகர்கிறவரை அங்கேயே நின்றேன். ரத்தமும் கொடுத்தேன். சுகர் இல்லை. அது ஒரு உபரி ஆசீர்வாதம்.

பிறகு தோல் டாக்டர் என் கையைப் பார்த்தார். ஒரு சீட்டு எழுதி, நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கும் இடத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற பெயர் அது. வாசலில் அந்தப் பெயரைப் படித்தேன். இத்தனை வருஷம் விசுவாசி என்று சொல்லிக்கொண்டவன், அந்தப் படி ஏற முடியாமல் கால் மணி நேரம் வெளியே நின்றேன்.

உள்ளே ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அம்மா ஒருவர். என் மகள் வயதைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் நான் ஒரு ஜோக் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்:

“ஐயா, பயத்துல நெறைய பேரு அழுவாங்க. நீங்க சிரிக்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதான். மெதுவாச் சொல்லுங்க.”

“ஒரே ஒரு தடவைதாம்மா.”

“கிருமிக்கு எண்ணத் தெரியாதுங்கய்யா.”

அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அழுதேன்.

அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

புதன்கிழமை அந்த அம்மா பேப்பரைப் பிரித்துச் சொன்னார்கள். “எச்.ஐ.வி. இல்லைங்க. ஆனா மூணு மாசம் கழிச்சி இன்னொரு தடவ பாத்துடணும். இன்னொண்ணு இருக்குதுங்க. சிபிலிஸ். பயப்படாதீங்க, ஊசி போட்டாச் சரியாப் போயிடும். ஊசிக்கு நாளைக்கு வாங்க. வரும்போது வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

“அவளுக்கு எதுக்கும்மா? அவ நல்லாத்தானே இருக்கா!”

“உங்களுக்கும் புண்ணு தானா ஆறிடுச்சே. நல்லாயிட்டேன்னுதானே நெனச்சீங்க?”

“ஸ்தோத்திரமே பண்ணிட்டேம்மா.”

அவர்கள் சிரிக்கவில்லை. “அவங்களுக்குத் தெரியாம இருந்தா, அது உள்ளேயே இருந்து அவங்களக் கெடுக்கும். நீங்க சொல்லித்தான் ஆகணும்.”

எனக்கு இருக்கிற வியாதி ஊசியில் போய்விடும். அவளுக்கு இருந்தால், நான் வாய் திறக்காமல் போகாது. எட்டு ஹாரன் கட்டி ஊருக்கே கேட்கப் பேசுகிறவன், அன்று முழுக்க மூன்று அடி தூரத்தில் இருந்த மனைவியிடம் ஒரு வாக்கியம் பேச முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். “ராணி, ஒண்ணு சொல்லணும்” என்பேன். “சொல்லுங்க” என்பாள். “ரசம் நல்லா இருந்துச்சு” என்பேன். அன்றைக்கு வீட்டில் ரசமே வைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை. ஆறாவது நாள். ஹாலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் ஜெபம் ஆரம்பித்தது.

“அப்பா, அந்த மனுசன் கல்யாணம் ஆனவராயிருந்தா, அவரு பொண்டாட்டிய நெனச்சிப் பாருங்கப்பா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நம்மளப் போல சோறாக்கிட்டு, துணி தொவைச்சிட்டு இருப்பா. அவளுக்கு ஒண்ணும் வந்திருக்கக் கூடாதுப்பா. அவகிட்ட உண்மையச் சொல்ற தைரியத்த அந்த மனுசனுக்கு இன்னிக்கே குடுங்கப்பா.”

அவள் தனக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்தது நான்தானா என்று எனக்குத் தெரியாது. சமையலறை வாசலில் நின்றேன்.

“ராணி, அந்தச் சீட்டு என்னுது.”

“ஜெபத்துல வெளையாடாதீங்க. ஒட்டுக் கேட்டீங்களா?” என்று கரண்டியை ஓங்கினாள். சிரிப்புதான் முகத்தில்.

இருபத்திரண்டு வருஷம் ஜோக்கடித்தே குடும்பம் நடத்தியவனுக்கு அது சரியான கூலி. நான் சொன்ன ஒரே நிஜத்தை அவள் நம்பவில்லை. சீட்டில் இருந்த வரிகளை ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி பேப்பரை எடுத்து நீட்டினேன். கரண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. அடுப்பை அணைத்தாள்.

“எப்ப?”

“சித்திரையில. பெங்களூரு.”

“அதுக்கப்புறமும் நீங்க என்கிட்ட...”

முடிக்கவில்லை. திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். என் கைக்கு எண்ணெய் தேய்த்த கை.

எனக்குத் தெரிந்த அத்தனை ஜோக்கும் அந்தத் தண்ணீரோடு போனது.

பிறகு முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: “எத்தன மணிக்குப் போவணும்?”

என் வண்டியில் ஏறவில்லை. டவுன் பஸ்ஸில் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். கவுன்சிலர் அம்மா அவளைத் தனியாக அழைத்துப் பேசினார்கள். ரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ‘ஆண்டவரே, அவளை விட்டுவிடும். எனக்கு என்ன வேண்டுமானாலும் வரட்டும், அவளை விட்டுவிடும்.’ இது மட்டும்தான்.

ரிப்போர்ட் வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

எனக்குப் பின்பக்கம் இரண்டு பக்கமும் ஊசி. மாவு மாதிரி கெட்டியான மருந்து. பெரிய ஆம்பிளை நான், சத்தம் போட்டேன். அதன் பிறகு அங்கிருந்த டாக்டர் அம்மா ராணியிடம் சொன்னார்கள்: “ரிப்போர்ட்டுல இல்லேன்னாலும், சில சமயம் தெரிய நாளாகும்மா. முன்னெச்சரிக்கையா உங்களுக்கும் அதே ஊசிய இப்பவே போட்டுடறது நல்லது.”

அவள் உள்ளே போனாள். சத்தமே வரவில்லை. நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்பானவர்களே, குற்றமில்லாதவர் நமக்காக வலியைச் சுமந்தார் என்று இருபது வருஷமாக என் மைக்கில்தான் பிரசங்கம் நடக்கிறது. நான் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வந்தது. இந்த ஊசிக்கு வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவள் பேசவில்லை. ஆனால் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டாள். சூடேறியதும் எடுத்து நனைத்தாள். மறுபடி போட்டாள். பேச்சே இல்லாத அந்தக் கைதான் எனக்கு அன்று கர்த்தருடைய கை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார முடியாமல் முழு நேரமும் நின்றேன். ‘மைக் செட் அண்ணனுக்கு இன்னிக்கி நல்ல அபிஷேகம், ஆவியானவர் உட்காரவே விடல’ என்று பேசிக்கொண்டார்களாம். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊசி போட்ட மறுநாள் வெள்ளிக்கிழமை, சகோதரிகள் எல்லாரும் சீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, “இது எனக்கு இன்னும் முடியலைங்கம்மா” என்று ராணி மட்டும் அதை வைத்துக்கொண்டாளாம். பாஸ்டர் அம்மா காரணம் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் என்னிடம் வாய் திறந்தாள். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“ஆறு நாளு எவனோ ஒருத்தனுக்கு மன்னிப்புக் கேட்டேன். எவனோங்கிறப்ப சுலபமா இருந்துச்சு. கூசாமக் கேட்டேன். அது நீங்கன்னு ஆனதும், வேணாம் சாமி, குடுத்தத வாங்கிக்கன்னு சொல்ல வாய் வருது. ஆனா சொல்ல முடியல. எவன் பொண்டாட்டியோ நல்லாயிருக்கணும்னு கேட்டேன். என்னயக் காப்பாத்தியிருக்காரு.”

நான் பேசவில்லை. வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் வாயை மூடிக்கொண்டது அநேகமாக அது ஒன்றுதான்.

ஐப்பசியில் இரண்டு பேரும் மறுபடி டெஸ்ட் எடுத்தோம். எச்.ஐ.வி. இரண்டு பேருக்கும் இல்லை. என் மற்ற வியாதியும் நன்றாக இறங்கிவிட்டது, இன்னும் சில தடவை வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். திரும்பும்போது அவள் என் வண்டியில் ஏறினாள். தோளைப் பிடிக்கவில்லை, பின்னாலிருந்த கம்பியைத்தான் பிடித்தாள். எனக்கு அது போதும்.

நான் எழுதிப்போட்ட விண்ணப்பத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ரிப்போர்ட் நல்லபடியாக வர வேண்டும் என்று கேட்டேன், வரவில்லை. வெளியே தெரியக் கூடாது என்று கேட்டேன், தெரிந்தது. என் மனைவி அந்த மனிதனுக்குத் தைரியம் கேட்டாள், அவன் பெண்டாட்டிக்குப் பாதுகாப்புக் கேட்டாள். இரண்டும் கிடைத்தது. என் ஜெபத்துக்கு அவளுடைய ஜெபமே பதிலாக வந்தது என்று நம்புகிறேன்.

இப்போது வெளியூர் வேலை என்றால் அன்றைக்கே திரும்பிவிடுகிறேன். முடியாது என்றால் வேலையை விட்டுவிடுகிறேன். பெங்களூரில் இருக்கிற அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்கும் அந்த ஊசி கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். பயத்தோடு இருந்த இரண்டு சகோதரர்களைக் கூட்டிக்கொண்டு போய் டெஸ்டுக்கு உட்கார வைத்தேன். ஒருவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொருவர் மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

இதை எழுதி முடித்து ராணியிடம் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கடைசியில், ‘என் மனைவி என்னை மன்னித்து எல்லாவற்றையும் மறந்துவிட்டாள்’ என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“இத எடுத்துடுங்க. நான் எதையும் மறக்கல. டெய்லி காலையில எந்திரிச்சி ஒருக்கா புதுசா மன்னிக்கிறேன். சில நாளு பத்து மணி ஆயிடுது.”

எடுத்துவிட்டேன். பத்து மணிவரை நான் வீட்டில் சத்தம் போடாமல் இருக்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது அன்றைக்கு என்னைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு கையையே பார்த்துக்கொண்டிருக்கலாம். தம்பி, அண்ணே, தங்கச்சி, யாராயிருந்தாலும் சரி, வியாதியை மறைத்துவிட்டு விடுதலையை மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்தேன். ஜெபம் பண்ணுங்கள், எழுந்து போய் ரத்தத்தைக் கொடுங்கள், வீட்டில் இருக்கிறவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். நம்மை உண்டாக்கினவருக்கு நம் ரத்தத்தில் இருக்கிறது புதுச் செய்தி இல்லை. ஆஸ்பத்திரியில் காலையிலேயே சீட்டுக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் அதற்கும் முன்னாலேயே அங்கே வந்து உங்களுக்காக நின்றுகொண்டிருப்பார்.